ஒரு நிறையின் ஈர்ப்பால் ஒளி வளையும் கோணத்தைத் தரும் தொகையீட்டைத் தொடராக விரித்தால் முதல் திருத்தமே முடிவிலியாகிறதே, எங்கே தவறு?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்கிறீர்கள்; எம்.எஸ்ஸி. இயற்பியலாக இருக்கும். கடைமடை (வாய்க்காலின் கடைசி முனை) என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் வில்லங்கம் கடைமடையில்தான், அதாவது தொகையீட்டின் மேல் எல்லையில்.

இம்பாக்ட் பாராமீட்டரை (ஒளி வளையாமல் நேரே போனால் நிறையின் மையத்தை எவ்வளவு தள்ளிக் கடக்கும் என்ற தூரம்) மாறிலியாக வைத்து, நிறை வரும் கன உறுப்பைச் சிறியதென்று எண்ணி ஈருறுப்பு விரிவு போட்டிருப்பீர்கள். நிறை சேர்ந்ததும் வர்க்கமூலத்துக்குள் இருப்பது பூஜ்யமாகும் இடமே நகர்ந்துவிடும். இம்பாக்ட் பாராமீட்டர் ÷ தூரம் = ய என்று வையுங்கள்; பழைய இடத்தை வைத்து விரித்தால் பின்னத்தின் பகுதியில் (1 − ய²) 3/2 அடுக்காக ஏறி, ய = 1-இல் வெடிக்கும். நோட்ஸ்களில் 'எளிதில் நிறுவலாம்' என்று தாண்டுவது இந்த வரியைத்தான். தெருவுக்குத் தெரு ராமானுஜன் படம் மாட்டுகிற கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே, தொடர் ஒருங்குமா (கூட்டினால் ஒரு முடிவான மதிப்பை எட்டுமா) என்று கேட்க ஆளில்லை.

அதற்குப் பதிலாக, ஒளி நிறையின் மையத்துக்கு மிக நெருங்கிய தூரத்தை அளவுகோலாக எடுங்கள். ஜிஎம்/சி² (ஜி ஈர்ப்பு மாறிலி, எம் நிறை, சி ஒளிவேகம்) என்ற நீளத்தை அதனால் வகுத்தது க; இனி நெருங்கிய தூரம் ÷ தூரம் = ய. மூலத்துக்குள் (1 − ய²) − 2க(1 − ய³) வரும். (1 − ய²)-ஐ வெளியே எடுத்தபின் மிஞ்சும் பின்னம் (1 + ய + ய²)/(1 + ய). ய = 1 என்ற கடைசியில் அதன் மதிப்பு வெறும் 3/2. ய = சைன் என்று மாற்றினால் முதல் திருத்தத்துக்கு வேண்டியது சைன் + 1/(1 + சைன்) என்பதன் தொகையீடு, 0 முதல் 90 பாகை வரை: 1 + 1 = 2. இரு பக்கத்துக்கும் சேர்த்து 4க. அடுத்த உறுப்பு (15பை/4 − 4)க².

சூரிய விளிம்பில் அந்த நீளம் 1.477 கி.மீ., ஆரம் 6,95,700 கி.மீ. 4க ரேடியன் = 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600 ஆர்க் செகண்ட்). இரண்டாம் உறுப்பு ஆர்க் செகண்டின் 10 லட்சத்தில் 7 பங்கு. 11 பங்கு என்று படித்திருந்தால் அதுவும் சரிதான். அது இம்பாக்ட் பாராமீட்டரில் எழுதிய 15பை/4. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கணினியில் நேரே தொகையிட்டு, வளையாத ஒளிக்கு வரும் கோணமான பை ரேடியனைக் கழிப்பவர்கள் கவனிக்க: 7 இலக்கத் துல்லியத்தில் விடையின் முதல் ஓரிரு இலக்கம்தான் தேறும். 16 இலக்கம் வையுங்கள்.

இதெல்லாம் சுழலாத பொருளுக்கு. சுழலும் பொருளுக்கான கெர் தீர்வு எங்கே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொடர் ஒருங்க 3க, 1-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். க = 1/6-இல் உறுப்புகள் 0.667, 0.216, 0.079 என்று மெதுவாகவே இறங்கும். 1/3-ஐ நெருங்கினால் வளைவு மடக்கை வேகத்தில் ஏறும். அங்கே தொடரைக் கைவிட்டு நீள்வட்டத் தொகையீட்டுக்கே (எலிப்டிக் இன்டெக்ரல்) போய்விடுங்கள்.