போர்க்களத்தில் உயிர் பிழைப்பது பயிற்சியாலா, அதிர்ஷ்டத்தாலா?

"குண்டு வந்தால் வந்ததுதான், அதற்கு எதற்கு மாதக்கணக்கில் லெஃப்ட் ரைட்டும் உருளுவதும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 17 வருடம் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊருக்கு வந்தவன். அம்பாசமுத்திரம் பக்கம். பார்த்ததைச் சொல்கிறேன்.

வெலிங்டனில் பயிற்சி எடுத்தபோது எனக்கும் இதே கேள்விதான். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த உடம்புக்கு நீலகிரிக் குளிரே தண்டனை, அதில் கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கழற்றி மாட்டு, மறுபடி கழற்று என்று உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) விடமாட்டார். ஒருநாள் காயத்துக்குப் போடும் துணிக்கட்டை வைக்க வேண்டிய பையில் வைக்காமல் வேறு பையில் வைத்துவிட்டேன். எனக்கு மட்டுமல்ல, மொத்த ஸ்குவாடுக்கும் ரகடா, அதாவது தரையில் உருளவிடும் தண்டனை. கூட இருந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு துணிக்கட்டுக்கு இவ்வளவா என்று அன்று மனசுக்குள் திட்டினேன்.

நாலு வருடம் கழித்து காஷ்மீரில், ஒரு மக்காச்சோள வயல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து சுட்டார்கள். காது அடைத்துவிடும், விரல் மரத்துவிடும், எதிரே இருப்பதைத் தவிர கண்ணுக்கு எதுவும் தெரியாது. யோசித்துச் செய்கிற வேலை எதுவும் அப்போது ஓடாது, கை பழகியதுதான் நடக்கும். ஏகே 47 மேகசினில் 30 தோட்டா, விரலை எடுக்காமல் அழுத்தினால் 3 விநாடியில் காலி, பழகாதவன் வானத்தைச் சுட்டுவிட்டு வெறும் இரும்போடு கிடப்பான். அதனால்தான் இரண்டிரண்டு பேராக இருப்போம், அந்த ஜோடிக்காரனை 'பட்டி' (buddy) என்போம். ஒருவன் சுடும்போது மற்றவன் நகர்வான், அவன் படுத்துச் சுட ஆரம்பித்ததும் இவன் நகர்வான். ஒருவன் மேகசின் மாற்றும்போது இன்னொருவன் துப்பாக்கி ஓயக்கூடாது.

என் பட்டிக்குத் தொடையில் பட்டது. ஓடிப்போய்த் தூக்கத்தான் மனசு துடித்தது, ஆனால் அப்படி ஓடுகிறவன்தான் அடுத்து விழுவான். முதலில் மேட்டிலிருந்து வரும் சூட்டை அடக்க வேண்டும், அப்புறம்தான் ஆள். மற்றவர்கள் மேட்டைப் பார்த்துச் சுட, நான் ஊர்ந்து போய் அவன் தோள்வாரைப் பிடித்து வரப்புக்குப் பின்னால் இழுத்தேன். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் ஆள் போய்விடுவான். காயத்துக்கு மேலே இறுக்கிவிட்டு, அவன் பையில் கைவிட்டுத் துணிக்கட்டை எடுத்தேன். தேடவே இல்லை. எல்லோரும் ஒரே பையில்தான் வைத்திருப்போம். அடிபட்டவனுடைய கட்டைத்தான் அவனுக்குப் போட வேண்டும், என்னுடையதைப் போட்டுவிட்டால் எனக்குப் படும்போது இருக்காது. கட்டி முடித்த பிறகுதான் வெலிங்டனில் உருண்டது ஞாபகம் வந்தது. அவன் இப்போது பாலக்காட்டில் இருக்கிறான், ஓணத்துக்கு ஓணம் போன் வரும்.

சியாச்சினில் நிலைமை வேறு. அங்கே குண்டு பட்டுச் செத்தவர்களைவிடப் பனியிலும் குளிரிலும் போனவர்கள்தான் அதிகம். ஒரே கயிற்றில் எல்லோரையும் கோர்த்துத்தான் நடப்போம். முன்னால் போகிறவன் பனிப்பிளவில் விழுந்தால், பின்னால் வருகிறவர்கள் அந்த நொடியே கோடாரியைப் பனியில் குத்திக் குப்புற விழ வேண்டும். ஒருவன் தயங்கினாலும் கயிறு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன், அது பொய். 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்டில் பனிச்சரிவு விழுந்து, 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். எல்லாம் பயிற்சி எடுத்தவர்கள்தான், மலையே விழுந்தால் என்ன செய்ய முடியும்? ஆனால் கூட்டாளிகள் தோண்டுவதை நிறுத்தவில்லை. 6 நாள் கழித்து, அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அதே மழை) எங்கள் ஆற்றங்கரைத் தெருவிலும் தண்ணீர் ஏறியது. நன்றாக நீந்தக்கூடிய ஒரு பையன் தனியாகக் குதித்து இழுபட்டுப் போய், ஒரு கருவேல மரத்தைப் பிடித்துப் பிழைத்தான். அப்புறம் மற்றப் பையன்களை நிறுத்தி, கயிற்றைத் தென்னையில் கட்டி, நாலு பேர் நாலு பேராகப் பிரித்து, யார் பிடிப்பது யார் போவது என்று சொல்லித்தான் அனுப்பினேன். இரண்டு ஆச்சிகளையும் ஒரு கைக்குழந்தையையும் கொண்டுவந்தார்கள். தைரியத்தில் எல்லாப் பையனும் ஒன்றுதான், கயிற்றை யார் பிடித்திருக்கிறான் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராக ராணுவத்தில் சேர்கிறவர்களுக்கு நாலு வருட சேவை, அதில் பயிற்சி சுமார் 6 மாதம். எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது. கை பழகுவதற்கும் பக்கத்தில் இருப்பவனை நம்புவதற்கும் நாள் ஆகும்.

தேர்வுக்கு 1.6 கி.மீ. ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுகிறீர்களா? நல்லது. நெல்லைக்காரர் என்றால் ஞாயிறு காலை 5 மணிக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வாருங்கள், நானும் வருவேன். தனியாக வராதீர்கள், கூட ஓட ஒருவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.