நரம்பணுவின் நுண்குழல்கள்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நுண்குழல் என்பது என்ன? நரம்பணுவுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்? (பிளஸ் டூ மாணவர், ஜாலஹள்ளி)

ஆல்பா, பீட்டா என்னும் இரு டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்ந்து அடுக்கப்பட்ட உள்ளீடற்ற குழல் அது. பெரும்பாலும் 13 இழைகள் கொண்டது. குறுக்களவு 25 நானோமீட்டர். பிரிந்துகொண்டே இருக்கும் செல்லில் இந்தக் குழல்கள் சில நிமிடங்களிலேயே குலைந்து மறுபடி வளரும். முதிர்ந்த நரம்பணு பிரிவதில்லை. சில நரம்பணுக்களில் ஆக்சான் என்னும் நீண்ட வால் இடுப்பருகே தொடங்கிப் பாதம் வரை ஓடும், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சரக்கெல்லாம் இந்தக் குழல்களின் மீதுதான் போகிறது. அவை அடிக்கடி குலைந்தால் கட்டுப்படியாகாது.

நரம்பணு போல் மாறக்கூடிய பிசி12 என்னும் எலிச் செல்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தேன். நீட்சிகள் முளைத்தன, அசெட்டைல் என்னும் சிறு வேதிக் குறி ஏறிய டியூபுலினும் கூடியது. அசெட்டைல் ஏறுவதால்தான் குழல் நிலைபெறுகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா, ஐயா? (ஆய்வு மாணவி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

எழுதாதீர்கள் அம்மா. நீங்கள் கண்டது சரி. 1987லேயே பதிவான முடிவு. ஆனால் நரைப்பதால் யாருக்கும் வயதாவதில்லை, வயதாவதால்தான் நரைக்கிறது. ஆல்பா டியூபுலினின் 40ஆம் இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் குழலின் உட்புறத்தில் இருக்கிறது. அங்கே அசெட்டைலை ஏற்றும் ஏடிஏடி1 நொதி மிக மெதுவாக வேலை செய்வது. ஆகவே நீண்ட நேரம் குலையாமல் நிற்கும் குழலில்தான் அந்தக் குறி சேர்கிறது. அந்த நொதியே இல்லாத எலிகள் பிறந்து, வளர்ந்து, குட்டியும் போடுகின்றன.

அதற்காக இது வெறும் அடையாளம் என்றும் தள்ளிவிட முடியாது. அசெட்டைல் ஏறிய குழல் வளைந்து நெளிந்தாலும் எளிதில் முறிவதில்லை என்று 2017இல் காட்டினார்கள். ஆக்சானுக்கு வேண்டியதும் அதுதானே. உங்கள் ஆய்வில் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது: மொத்த டியூபுலினையும் அளந்து ஒப்பிடுங்கள், ஏனெனில் செல் நரம்பணு போல் மாறும்போது அதுவும் கூடுகிறது. பிறகு குழல்களைக் குலைக்கும் நொகோடசோல் மருந்தைக் கொடுத்து எந்தக் குழல் தாங்குகிறது என்று பாருங்கள்.

அசெட்டைல் தவிர வேறு மாற்றங்கள் உண்டா? (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கே.ஆர்.புரம்)

என்னைக் கேட்டால் சுவையான கதை டைரோசின் என்னும் அமினோ அமிலத்தினுடையதுதான். ஆல்பா டியூபுலினின் வால் நுனியில் ஒரு டைரோசின் இருக்கிறது. பழைய குழல்களில் அது கழற்றப்படுகிறது. குழல் குலைந்தபின் டிடிஎல் நொதி அதைத் திரும்ப ஒட்டுகிறது. ஒட்டும் வேலையை 1970களில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகர ஆய்வாளர்கள் எலி மூளையில் கண்டார்கள். கழற்றும் நொதியான வாசோஹிபின் பிடிபட்டதோ 2017இல்தான்! டிடிஎல் இல்லாத எலிக்குட்டிகள் மூளை அமைப்புக் குலைந்து, பிறந்த சிறிது நேரத்திலேயே இறக்கின்றன. அசெட்டைல் நொதி இல்லாமல் பிழைத்த எலிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குளூட்டமேட் என்னும் அமினோ அமிலம் சங்கிலியாகச் சேர்வது இன்னொரு மாற்றம். அது அளவுக்கு மிஞ்சினால் சிறுமூளையின் புர்கின்ஜி என்னும் நரம்பணுக்கள் அழிகின்றன. இந்த மாற்றங்களை ஆராயும் குழு ஒன்று நம் பல்லாரி சாலையிலேயே, ஜி.கே.வி.கே. வளாகத்தின் இன்ஸ்டெம் நிறுவனத்தில் இயங்குகிறது.

மறதி நோய்க்கு இதில் மாத்திரை வந்துவிட்டதா? (வங்கி ஊழியர், மல்லேஸ்வரம்)

இல்லை. அந்த நோயில் பேசப்படும் பாஸ்பேட் ஏற்றம், குழலின் மேல் ஒட்டியிருக்கும் டௌ புரதத்தில் நடப்பது, டியூபுலினில் அல்ல.

தாராபுரம் பக்கம் எங்கள் உறவினர்கள் செங்காந்தள் பயிரிடுகிறார்கள். அதன் விஷம் நுண்குழலைத் தாக்கும் என்கிறார்களே? (இல்லத்தரசி, விவேக் நகர்)

உண்மைதான். அதிலுள்ள கோல்சிசின், பீட்டா டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு குழல் வளரவிடாமல் செய்கிறது. டியூபுலின் என்ற பெயர் வருமுன்பே, 1967இல், போரிசியும் டெய்லரும் அந்தப் புரதத்தை 'கோல்சிசின் ஒட்டும் புரதம்' என்றே பிரித்தறிந்தார்கள். நரம்பணுவில் முதலில் குலைவது புதிய குழல்கள். அசெட்டைல் ஏறிய பழைய குழல்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கீல்வாத மருந்தாக அதை மருத்துவர்கள் தருவதுண்டு, ஆனால் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கையும் விதையையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.