ஊர்ப்பிள்ளை வாங்கிலே, வெளியாள் களத்திலே
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கனடாவின் ஸ்காபரோவில் ஐஸ் ஹொக்கி அரங்கொன்றில் பதினேழு வருடம் வேலை செய்த கதையைக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை பெரும்பாலும். இப்போது பரந்தனில் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குகிறேன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

*

விசுவமடு வாசகி: ஐயா, என் தம்பியின் மகனுக்குப் பத்து வயது, ரொறன்ரோவில் இருக்கிறான். ஐஸ் ஹொக்கியில் 'ட்ரிபிள் ஏ' என்கிற மேல்மட்ட ரீமுக்கான தெரிவுக்குப் போய் எடுபடவில்லை. தம்பி இரவில் போன் எடுத்து அழுகிறான். தனியாக ஒரு கோச் பிடிக்கப் போகிறானாம். நல்ல கிளப்புக்குக் கிட்டவாக வீட்டை மாற்றலாமோ என்றும் யோசிக்கிறானாம். பிள்ளைக்குத் திறமை இல்லையா? கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் பிறந்த பிள்ளை, ராசியான பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. கனடாவில் பிள்ளைகளின் ஹொக்கி வயதுப் பிரிவு தை (ஜனவரி) முதலாம் திகதியிலிருந்து மார்கழி (டிசம்பர்) 31 வரை, வருடக் கணக்கில் போகும். தையில் பிறந்தவனும் கார்த்திகையில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பத்து, பதினொரு மாத வித்தியாசம் என்றால் ஒரு கை உயரம், ஒரு பிடி பலம். றொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1985இல் இதை எழுதிக் காட்டினார்கள். மேல்மட்ட ஹொக்கி வீரர்களில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூடுதலாக இருந்தார்கள். காரணம் சோதிடம் இல்லை. சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்த பிள்ளையைத் தெரிவு செய்கிறார்கள். அவனுக்கு நல்ல கோச், பனித்தரையில் கூடுதல் நேரம், பலமான எதிரணி எல்லாம் கிடைக்கின்றன. நாலு வருடத்தில் அவன் உண்மையாகவே கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். "பார்த்தீர்களா, நாங்கள் எடுத்த பிள்ளை சரியான பிள்ளை" என்று கோச்சும் சொல்லிக்கொள்கிறார். வெளியில் விடப்பட்டவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் சின்னவன் மார்கழிப் பிள்ளை. அவனுக்கும் பத்து வயதில்தான் அது நடந்தது. கிளப்பின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் தெரிவு முடிந்ததும் கோச் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கடித உறையைக் கொடுப்பார். அன்றைக்கு எனக்கு அதே அரங்கில் வேலை. சம்போனியை, அதுதான் பனித்தரையைச் சீவிச் சுடுதண்ணீர் பூசும் வண்டியை, கொட்டகைக்குள் விட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். நடைக்கூடத்து வாங்கின் நுனியில் ஸ்கேற் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் இருக்கிறான். உறை மடியில். உடைக்கவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போகிறார்களே. நான் முழங்காலில் இருந்து லேஸை அவிழ்த்தேன். நனைந்த லேஸ் முடிச்சு இலகுவில் விடாது, பல்லால்தான் இழுக்க வேண்டும். ஸ்கேற்றின் தகட்டிலிருந்து பனித்தூள் என் கையில் விழுந்து தண்ணீராகியது. "அப்பா, எனக்கு ஓடத் தெரியாதா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பிக்குச் சொல்லுங்கள். வீட்டை மாற்ற வேண்டாம். ட்ரிபிள் ஏ மட்டத்தில் ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டொலர் போகும். அந்தக் கடனும் பிள்ளையின் தலையில்தான் ஏறும். அதற்குக் கீழே டபிள் ஏ, ஏ, எல்லோரையும் சேர்க்கும் ஹவுஸ் லீக் என்று படிகள் இருக்கின்றன. வீட்டுக்குக் கிட்ட, கூட்டாளிமாரோடு, அடிக்கடி விளையாடக் கிடைக்கிற ரீமில் விடட்டும். கோடையில் ஹொக்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டு உதைபந்து, நீச்சல் என்று ஓடட்டும். பதின்மூன்று, பதினாலில் உடம்பு வளர்ந்த பிறகு திரும்பத் தெரிவுக்குப் போகலாம், விருப்பம் இருந்தால். நீங்களும் போனில் "எத்தனை கோல் அடிச்சாய்?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு ஆரோட விளையாடினாய்?" என்று கேளுங்கள்.

என் மகன் ஹவுஸ் லீக்கில் பதினேழு வயது வரை விளையாடினான். இப்போதும் ஞாயிறு இரவுகளில் வேலைத்தளக் கூட்டாளிகளோடு போகிறான்.

*

கிளிநொச்சி வாசகர்: நான் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். வருகிற சுற்றுப்போட்டிக்கு வெளி மாவட்டத்திலிருந்து மூன்று வீரர்களை இறக்க வேண்டும் என்று மூத்தவர்கள் நிற்கிறார்கள். சாப்பாடு, பயணம், கைச்செலவு எல்லாம் கழகம் கொடுக்க வேண்டும். எங்கள் பெடியள் மூன்று பேர் வெளியில் இருப்பார்கள். வெளிநாட்டிலும் இப்படித்தானே நடக்கிறது?

தம்பி, நடக்கிறதுதான். ரொறன்ரோவில் பெரிய ஹொக்கி கிளப்புகள் நகரத்தின் அந்தத் தொங்கலில் இருந்தெல்லாம் பிள்ளைகளை இழுக்கும். ஊர்ப்பிள்ளை வாங்கில் இருக்கும், வெளியாள் களத்தில் நிற்பான். நடக்கிறது என்பதற்காகச் சரி என்று ஆகிவிடாது.

உங்களுக்கு ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். சுவீடனின் வடக்கில் ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக் என்று ஒரு சின்ன நகரம். சனத்தொகை சுமார் 30,000. அங்கத்தைய கழகத்துக்கு மோடோ என்று பெயர். அந்தப் பெயரே உள்ளூர் மர, கடதாசிக்கூழ்க் கம்பனியின் பெயரிலிருந்து வந்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையின் சங்கு கேட்டு வளர்ந்த என் வயதுக்காரருக்கு அப்படி ஓர் ஊர் விளங்கும். 1973 ஆடி மாதத்தில் பத்து நாள் இடைவெளியில் அந்த ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் பீற்றர் போர்ஸ்பேர்க், மற்றவர் மார்க்குஸ் நாஸ்லுண்ட். 1980இல் டானியல், ஹென்றிக் செடின் என்ற இரட்டையர். 1990இல் விக்டர் ஹெட்மன். ஐந்து பேரும் மோடோவில் விளையாடி, பிறகு வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் பெரிய நட்சத்திரங்கள் ஆனவர்கள். 1994 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிராகப் போர்ஸ்பேர்க் ஒற்றைக் கையால் தள்ளிப் போட்ட கோலைச் சுவீடன் தபால் முத்திரையாகவே வெளியிட்டது. (விசுவமடுத் தங்கச்சிக்கும் ஒரு செய்தி: செடின் இரட்டையர் புரட்டாதிப் பிள்ளைகள், ஹெட்மன் மார்கழி 18.)

இவர்கள் எப்படி வந்தார்கள்? போர்ஸ்பேர்க்கின் தகப்பன் கென்ட் போர்ஸ்பேர்க்கே மோடோவுக்குப் பயிற்றுநராக இருந்தவர், பிறகு சுவீடன் தேசிய அணிக்கும் இருந்தவர். ஊர் ஆளே ஊர்ப்பிள்ளைகளைப் பழக்கினார். அங்கே உயர்தர வகுப்புப் பாடசாலையில் படிப்போடு ஹொக்கிப் பயிற்சியும் சேர்ந்தே போகும். பிள்ளை ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கத் தேவையில்லை. சரி, இத்தனை பேரை உருவாக்கிய மோடோ எத்தனை தரம் சுவீடன் சம்பியன் ஆனது என்று நினைக்கிறீர்கள்? 1979இலும் 2007இலும். இரண்டே தரம். இடையில் 28 வருடம். அந்த 28 வருடமும் ஊர்ச்சனம் அரங்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, தங்கள் பிள்ளைகளைப் பார்க்க.

எங்கள் அரங்கில் கோடை முடியும்போது புதிதாகப் பனித்தரை போடுவோம். வெறும் சீமெந்துத் தரையில் தண்ணீரைப் புகார் போலத் தெளிக்க வேண்டும், அது உறைய வேண்டும், பிறகு மேலே இன்னொரு தெளிப்பு. வெள்ளை நிறம் பூசி, கோடு கீறி, அதற்கு மேலும் தெளிப்பு. ஒன்றரை அங்குலம் கூட வராத தடிப்புக்கு இராப்பகலாக நிற்போம். புதிதாக வந்த பெடியன் ஒருவன் அவசரத்தில் குழாயைத் திறந்து ஒரேயடியாக விட்டுவிட்டான். காற்றுப் பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பொருமியது. முதல் நாள் ஸ்கேற் பட்டதும் தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. முழுவதையும் சுரண்டினோம். மூன்று பேரை இறக்கி ஒரு கிண்ணம் எடுக்கிற யோசனையைக் கேட்டதும் எனக்கு அந்தத் தரைதான் ஞாபகம் வந்தது. சுற்றுப்போட்டி முடிந்த அன்றிரவே அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். வெளியில் இருந்த மூன்று பெடியளில் இரண்டு பேர் அடுத்த மாதம் மைதானப் பக்கம் வரமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன், இங்கேயே.

மூத்தவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். அந்த மூன்று பேருக்குச் செலவாகும் காசைக் கணக்குப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். பக்கத்தில் அதே காசுக்கு எத்தனை பந்து, எத்தனை சோடிச் சப்பாத்து, பயிற்சி நாளில் எத்தனை பிள்ளைக்குப் பாணும் பருப்பும் என்று எழுதுங்கள். வெளியிலிருந்து ஆள் வேண்டுமென்றால் ஒரு நல்ல பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். அவர் போன பிறகும் அவர் சொல்லித் தந்தது மைதானத்தில் நிற்கும்.

*

முல்லைத்தீவு மாணவன், தரம் 9: ஐஸ் ஹொக்கியில் பந்து எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் விளையாட முடியுமா?

பந்து இல்லை மகன், 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு, நிறை 156 முதல் 170 கிராம் மட்டும். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைத்துத்தான் எடுப்பார்கள். ஒரு பக்கத்துக்குக் காப்பாளரோடு ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் களத்தில் நின்று முழுமூச்சாக ஓடிவிட்டு மாறுவார்கள்.

பனி இல்லாமல் சீமெந்துத் தரையில் தடியும் ரப்பர்ப் பந்தும் வைத்து ஆடலாம். கனடாவில் பிள்ளைகள் தெருவில் அதைத்தான் ஆடுகிறார்கள். உனக்குக் கிளித்தட்டு நன்றாக வருமென்றால் பாதி ஹொக்கி தெரியும். உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போகிற வித்தை இரண்டிலும் ஒன்றுதான்.

*

மாங்குளம் வாசகர்: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. உதைபந்தில் வலயமட்டம் வரை போய்விட்டாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி நிற்பாட்டு என்று என் தாயார் சொல்கிறா. அம்மாவின் சொல்லைத் தட்டியும் பழக்கமில்லை.

அம்மாவிடம் லடாக் பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். இமயமலையில், இந்தியாவின் வடக்குத் தொங்கல். மாரியில் குளம் உறைந்தால் இரண்டு மாதமளவில் இயற்கைப் பனி கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண்பிள்ளைகள்தான் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் பெரும்பான்மை. 2016இல் முதன்முதல் வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தார்கள். 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்சை 4–3 என்று வென்றார்கள். அதுதான் முதல் வெற்றி. 2025இல் ஆசிய–ஓசியானியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம். இடையில் கடந்த ஒன்பது வருடமும் அவர்களின் வீடுகளிலும் ஓர் அம்மம்மா, ஓர் அப்பம்மா இருந்திருப்பா.

அண்ணை, உங்கள் அம்மாவை ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மரநிழலில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். பேத்தி ஓடுவதை அவ ஒரு தரமும் பார்த்திருக்க மாட்டா என்று நினைக்கிறேன். பயிற்சிக்கு எத்தனை மணிக்குப் போகிறாள், யாரோடு திரும்பி வருகிறாள், உடை மாற்ற அங்கே மறைவான இடம் இருக்கிறதா என்று அவ கேட்பா. கேட்கட்டும். அவையெல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பாடசாலையும் கழகமும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதைச் செய்து கொடுக்கச் சொல்லிப் போராட வேண்டியவர் நீங்கள்தான், பிள்ளையை நிற்பாட்டுகிறவர் இல்லை.

*

அக்கராயன் வாசகர்: இருபத்து மூன்று சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். என்னிடம் இரண்டே பந்து. பெரிய மைதானத்தில் விட்டால் நாலு பேர்தான் பந்தைத் தொடுகிறார்கள், மற்றவர்கள் புல்லுப் பிடுங்குகிறார்கள். என்ன செய்வது?

மைதானத்தை வெட்டுங்கள் தம்பி. கனடாவில் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை முழுப் பனித்தரையில் ஆட விடக்கூடாது, பாதியில்தான் என்று 2017இல் விதியாகவே கொண்டுவந்தார்கள். இடம் சுருங்கினால் பக் எல்லோர் காலடிக்கும் வரும். நீங்கள் நாலு மூலையிலும் நாலு சின்னக் களம் கீறுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று, ஒரு களத்தில் மட்டும் ஒரு பிள்ளை குறையும். கோலுக்கு இரண்டு தென்னம்மட்டை போதும், காப்பாளர் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள். பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் கலந்து வரட்டும். யாரையும் இப்போதே தெரிவு செய்யாதீர்கள், பட்டியல் எழுதாதீர்கள்.

அதற்கு நாலு பந்து வேண்டும். இரண்டு என்னிடம் இருக்கிறது, தோல் கொஞ்சம் தேய்ந்தது, காற்று நிற்கும். ஞாயிறு காலை ஆறரைக்குப் பரந்தன் சந்திக்கு வாருங்கள். காற்றடிக்கிற பம்பையும் கொண்டு வருகிறேன். மாரி தொடங்க முன்னம் வாருங்கள், பிறகு அக்கராயன் மைதானத்தில் வெள்ளம்தான் நிற்கும்.