கேபிளைப் பிடுங்கினால் மாறுகிறது, இணையம் போனால் மாறவில்லை. ஏன்?

இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு வெவ்வேறு இணைய இணைப்பு. கேபிளைப் பிடுங்கினால் இரண்டாவதுக்கு மாறுகிறது, ரவுட்டருக்கு அப்பால் இணையம் போனால் மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெட்ரிக் என்பது கணினியில் ஒவ்வொரு இணைப்பு வழிக்கும் இருக்கும் முன்னுரிமை எண் மட்டுமே. குறைந்த எண் கொண்ட வழியைக் கணினி எடுக்கும், அவ்வளவுதான். கேபிள் கழன்றால் லிங்க், அதாவது ரவுட்டருடனான நேரடித் தொடர்பு, போனது கார்டுக்கே தெரியும். ரவுட்டருக்கு அப்பால் அறுந்தால் லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாக்கெட்டுகள் அதே ரவுட்டருக்குப் போய் அங்கேயே மடியும்.

ஆகவே வெளியே உள்ள ஒரு முகவரியை, கூகுளின் 8.8.8.8 என்று வையுங்கள், சில விநாடிக்கு ஒருமுறை பிங் செய்யும், அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும், ஸ்கிரிப்ட் வேண்டும். தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் முதல் கார்டின் மெட்ரிக்கை இரண்டாவதைவிட உயர்த்தட்டும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: அந்தச் சோதனை முகவரிக்கு மட்டும் முதல் ரவுட்டர் வழியாகத் தனி ரவுட் (பாதை) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மாறிய பிறகு பிங் இரண்டாவது கார்டு வழியாகப் போய்ப் பதில் பெறும். முதல் இணைப்பு சரியாகிவிட்டதாக ஸ்கிரிப்ட் ஏமாந்து திரும்ப மாற்றும், மறுபடி அறுபடும். பழைய இணைப்புக்குத் திரும்ப மட்டும் அவசரப்படாமல் ஒரு நிமிடமாவது நிலையாகப் பதில் வருகிறதா என்று பார்க்கட்டும்.

இரு கார்டுகளை ஒன்றாகக் கட்டும் லினக்ஸ் பாண்டிங் உங்களுக்கு உதவாது. இரு கார்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஒன்று போனால் மற்றது வேலையை எடுக்கும் அதன் ஆக்டிவ்-பேக்அப் முறை பொருந்தும். அங்கே ஐபி முகவரி மாறாது, நடந்துகொண்டிருக்கும் தொடர்புகளும் அறாது. உங்கள் அமைப்பில் முகவரி மாறுவதால் அழைப்பும் டவுன்லோடும் ஒருமுறை அறுந்துதான் மீளும்.