விழுங்கிய கிருமி செத்துவிடுமா?

கேள்வி: ஐயா, போன ஐப்பசியில் விறகு பொறுக்கப் போய்வந்த என் மனைவிக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல். வேலூருக்கு அழைத்துப் போனோம். இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் கருப்பாக ஒரு பொருக்கு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'உண்ணிக் காய்ச்சல்' என்றார் டாக்டர். இந்தக் கிருமி செல்லுக்கு உள்ளே குடியேறிவிடும், வெள்ளையணுவைக்கூட விடாது என்றும் சொன்னார். கிருமியைத் தின்பதுதானே வெள்ளையணுவின் வேலை?
— வாசகர், ஒடுகத்தூர்

பதில்: தின்பது வேறு, செரிப்பது வேறு. பள்ளிப் பாடம் 'வெள்ளையணு கிருமியை விழுங்கும்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. கதையே அதற்கு அப்புறம்தான்.

மாக்ரோபேஜ் என்ற வெள்ளையணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அமிலமும் நொதிகளும் நிரம்பிய லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு சேரும். சாதாரணக் கிருமி அதோடு காலி. காசநோய்க் கிருமியோ இரண்டு பைகளும் சேரவிடாமலே தடுத்துவிடும். டைபாய்டு கிருமி பையையே தனக்கு வசதியாக மாற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு வந்தது பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுவே போய்ப் பெருகும் ரகம். ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் அங்கே நுழையவே முடியாது.

நான் டாக்டர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பே கதி என்று இருந்தவன். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கிய மாவட்டம் இது. அந்த நோயின் ஸ்லைடு பார்க்காமல் இங்கே என் வயதுக்காரர் யாரும் ஓய்வு பெற்றிருக்க முடியாது. காது மடலில் லேசாகக் கீறி, கசியும் திசுநீரைத் தடவிச் சாயம் ஏற்றினால் கிருமி சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஒருவர் ஸ்லைடில் செல்லுக்குச் செல் கட்டுக்கட்டாக அடைந்து கிடக்கும். இன்னொருவருக்கும் அதே நோய்தான், ஆனால் ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூடச் சிக்காது. கிருமி ஒன்றேதான். இரண்டாமவர் உடம்பில் மாக்ரோபேஜுக்குக் கட்டளை போய்ச் சேர்ந்திருக்கிறது. (அந்தச் சண்டையில் நரம்பும் அடிபடும், அது தனிச் சோகம்.)

அந்தக் கட்டளையைக் கொடுப்பவை டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள். அவை சுரக்கும் இன்டர்பெரான் காமா என்ற புரதம் பட்டதும் மாக்ரோபேஜ் வேறு ஆளாகிவிடும். தடைபட்ட பைகளைச் சேர்க்கப் பார்க்கும். கிருமிக்கு வேண்டிய இரும்பையும் சில அமினோ அமிலங்களையும் எட்டாமல் செய்யும். பையிலிருந்து தப்பிய கிருமியைச் சுற்றிப் புதிதாக ஒரு பை கட்டி லைசோசோமுக்கு அனுப்பப் பார்க்கும். செல் தன் உட்பொருளைத் தானே செரிக்கும் இந்த முறையை ஈஸ்ட்டில் ஆராய்ந்ததற்குத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது.

வெள்ளையணு அல்லாத செல்லும் சும்மா இருப்பதில்லை. ஏபிஓஎல்-3 என்ற புரதத்தைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. டைபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லாவின் வெளிச்சவ்வை வேறு புரதங்கள் சிதைத்துவிட, இது உள்ளே போய், சீயக்காய் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல் உட்சவ்வைக் கரைத்துவிடுகிறது. எதுவும் பலிக்காவிட்டால் சில செல்கள் தாமே வெடித்துச் சாகும். கிருமிக்கு இருக்க இடமில்லாமல் போகும், அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் தகவல் போய்விடும்.

உங்கள் மனைவிக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்திருப்பார்கள். அது செல்லுக்குள் நன்றாகப் போகும். பென்சிலின் வகை இந்தக் கிருமியிடம் பலிக்காது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று 2023-இல் காட்டிய ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் வேலூர் மருத்துவர்கள்தான். இனி காட்டுப்பக்கம் போய்வந்தால் குளித்து, துணியையும் துவைத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆற்காடு மக்கன் பேடா தினமும் ஒன்று சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சர்க்கரை கூடும்.

கேள்வி: அண்ணா, ஷூ கம்பெனிக்குப் போகும் என் தம்பிக்கு டி.பி. மாத்திரை இரண்டு மாதம் முடிந்தது. இருமல் நின்று, உடம்பும் தேறிவிட்டது. இன்னும் நாலு மாதம் எதற்கு என்கிறான்.
— வாசகி, ஆம்பூர்

பதில்: மேலே சொன்ன அதே காரணம்தான் அம்மா. பெருகிக்கொண்டிருக்கும் கிருமி சீக்கிரம் செத்துவிடும், இருமலும் நிற்கும். செல்லுக்குள்ளும் அதைச் சுற்றிய கட்டிக்குள்ளும் பெருகாமல் படுத்துக் கிடப்பவை லேசில் சாகாது. முதல் இரண்டு மாதம் கொடுத்தார்களே பைராசினமைடு, அது அமிலம் உள்ள இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மிச்சத்தைத் தீர்க்கத்தான் இந்த நாலு மாதம். நடுவில் விட்டால் நோய் திரும்பலாம், அப்போது இதே மாத்திரை கேட்காமலும் போகலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதே என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு; அது ரிஃபாம்பிசினின் நிறம், வேறொன்றுமில்லை. தம்பியிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.