இரண்டு இஞ்ச் நீள ஸ்பிரிங் போட்டால் வண்டி அடி தட்டாதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது சார். வண்டி 2006 மாடல் இண்டிகோ மாரினா, டீசல். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் மண் பாதையில் அடி தட்டுகிறது. டிக்கியில் கொழுந்து மூட்டை இருந்தால் இன்னும் மோசம். இரண்டு இஞ்ச் நீளமான ஸ்பிரிங்கை நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாகக் கோவையில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி எங்கே தட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அடி தட்டுகிறது என்று வருகிறவர்களிடம் எந்த இடம் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அடியில் டார்ச் அடித்தால் தேய்ந்த இடம் பளபளவென்று தெரியும். சைலன்சர் பைப் மட்டும் தேய்ந்திருந்தால், அதைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்து பைப் தொங்கிக்கொண்டிருக்கலாம். அது சின்ன வேலை. ஆயில் சேம்பர் தேய்ந்திருந்தால் அதற்குக் கீழே இரும்புத் தகடு கார்டு கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அளவு. சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, நாலு சக்கரத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சமதரையில் அளக்க வேண்டும். கோத்தகிரியில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பெட்ரோல் பங்க் தளம் போதும். இடதுக்கும் வலதுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, காலி வண்டியிலேயே பின்பக்கம் உட்கார்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் மூட்டை சுமந்த வண்டியில் அது சோராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) புதிதாக ஜோடி ஜோடியாக மாற்றினால் இழந்த உயரம் திரும்பி வரும். உங்கள் வண்டிக்குத் தேவை அநேகமாக அவ்வளவுதான்.

நீள ஸ்பிரிங்கில் என்ன கெடுதல்? அவர் நீட்டுவது ஸ்பிரிங்கை மட்டும். ஷாக்கின் நீளம் பழையபடியேதான் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்க ஷாக்கின் தண்டு வெளியே நீள வேண்டும். வண்டி நிற்கும்போதே அதில் இரண்டு இஞ்ச் செலவாகிவிட்டால், பள்ளம் வரும்போது தண்டு கடைசிவரை இழுபட்டு 'டக்'கென்று அடிக்கும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் லேசாகி, பிடிப்பில்லாமல் சுற்றும். உங்களுடையது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. ஆக்ஸிலும் சாய்ந்து நிற்பதால் அதன் முனைகளில் உள்ள ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கிரீஸ் வெளியே போய் சேறு உள்ளே போகும். அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் கடகடவென்று சத்தம்.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். சில வண்டிகளில் பின்பக்க ஆக்ஸிலோடு ஒரு சின்னக் கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் மூட்டை இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். அப்படிப்பட்ட வண்டியை ஸ்பிரிங் வைத்துத் தூக்கினால், முழு மூட்டையோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் காலி வண்டி என்றே அது நினைக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று மெக்கானிக்கை அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுடையது டீசல், இருந்தாலும் இதைப் படித்துவிட்டு வேறு யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த பெட்ரோல் வண்டியில் அந்த எடை ராத்திரி பகல் இறங்குவதே இல்லை. அங்கே பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கனமான கம்பியில் செய்த ஸ்பிரிங் போடுவது நியாயம். அதுவும் உயரம் கூட்ட அல்ல, சிலிண்டர் அமுக்கிய உயரத்தை மீட்க. நீளத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, கம்பியின் தடிமனையும் சுற்றையும் பார்க்க வேண்டும். சிலிண்டர் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மாற்றிய பிறகு மட்கார்டு அளவு பழைய கம்பெனி அளவைத் தாண்டினால் அந்த ஸ்பிரிங் தப்பு. உங்கள் மூட்டை அப்படியல்ல. காலையில் ஏறும், ஃபேக்டரியில் இறங்கும்.

இனி அந்தக் கோவைக்காரர். அவர் கொடுக்கும் ஸ்பிரிங் எந்த வண்டியுடையது என்று கேளுங்கள். பெரும்பாலும் வேறு ஏதோ வண்டியில் கழற்றி, கறுப்பு பெயிண்ட் அடித்ததாக இருக்கும். கையில் பிடிக்கும்போது உள்ள நீளம் வேறு, வண்டி மேலே உட்கார்ந்த பிறகு உள்ள நீளம் வேறு. லேசான வண்டியின் ஸ்பிரிங் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உங்கள் டீசல் எஞ்சினுக்கு அடியில் அமுங்கிவிடும். இன்னொருவர் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் செருகித் தருவார். அது அந்தச் சுற்றை வேலை செய்ய விடாமல் மற்ற சுற்றுகளின் தலையில் பாரத்தைத் தள்ளும். பழைய ஸ்பிரிங்கைச் சூடு பண்ணி இழுத்துத் தருகிறேன் என்கிறவர் பக்கமே போகாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்க அதற்கென்று உள்ள கம்ப்ரசர் இல்லாமல் கயிறும் சங்கிலியும் கட்டுகிற பட்டறையிலும் நிற்காதீர்கள். தெறித்தால் ஆளையே அடித்துப் போட்டுவிடும்.

கடைசி ஆள் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கித் தரும் புரோக்கர். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் காட்டலாம் என்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உயரம் ஆர்.சி.யில் அச்சாவதில்லையே என்று வாதாடலாம். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடிப் பாருங்கள்.

இவ்வளவு சட்டம் பேசுகிறவர்கள் வேகத்தடையை மட்டும் இஷ்டத்துக்குக் கட்டுகிறார்கள். இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊரில் உயரம் அதைத் தாண்டும், அகலம் ஒரு முழம்கூட வராது. எந்த ஸ்பிரிங் போட்டு அதைத் தாண்டுவது?

உங்கள் மண் பாதையில் டயர் தடத்துக்கு நடுவே முதுகு போல மேடு எழும்பியிருக்கும். தோட்டத்துக்கு வரும் ஆளை வைத்து அதை வெட்டித் தடத்தில் நிரவுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்குகிற நாளில், டிக்கியில் மூட்டை இல்லாமல் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.