ஷெல்ஃபா, ரெஸ்டா? வில்லாளர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, ஆறு மாதமாக மர ரீகர்வ் வில்லில் (முனைகள் முன்பக்கம் வளைந்தது) பழகுகிறேன். நீளம் 62 அங்குலம், இழுவிசை 30 பவுண்ட். பிடிக்கு மேலே வில்லிலேயே தட்டு மாதிரி வெட்டியிருக்கும் ஷெல்ஃபில் அம்பை வைத்து எய்கிறேன். 10 மீட்டரில்கூட அம்பின் வால் ஆடிக்கொண்டே போகிறது. கூடப் பழகும் ஒருவர், "அம்பைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் ரெஸ்ட் வாங்கி ஷெல்ஃபுக்கு மேலே ஒட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இன்னொருவர், "ரெஸ்ட் ஒட்டினால் அது பாரம்பரிய வில்லே இல்லை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அம்பு கார்பன், இறகு பிளாஸ்டிக்.
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, பிளாஸ்டிக் இறகு என்று, அதை முதலில் பார்ப்போம். பறவை இறகு (பெரும்பாலும் வான்கோழி) ஷெல்ஃபில் உரசினால் படுத்துக்கொண்டு கடந்துபோய் மறுபடி எழுந்துவிடும். பிளாஸ்டிக் அப்படிப் படுக்காது. ஷெல்ஃபில் இடித்து வாலைத் தூக்கிப் போடும். உங்கள் அம்பு ஆடுவதற்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒரு சிட்டிகை குங்குமத்தைத் துளி எண்ணெயில் குழைத்து, ஷெல்ஃபிலும் அதை ஒட்டிய பக்கச் சுவரிலும் மெல்லிசாகத் தடவுங்கள். (அடியில் செலோடேப் ஒட்டிவிட்டுத் தடவுங்கள். நான் ஒட்டாமல் தடவி, என் பழைய வில்லின் தோல் இன்றைக்கும் சிவப்பாக இருக்கிறது.) மூன்று அம்பு எய்துவிட்டு இறகுகளைப் பாருங்கள். ஓரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தால் இடிக்கிறது என்று அர்த்தம். எந்த இறகில், எவ்வளவு நீளத்துக்கு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, இறகை மாற்றியும் ஆடினால்? ஷெல்ஃபின் மேல்பக்கத்தைப் பாருங்கள். மலிவு வில்களில் பெரும்பாலும் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அம்பு அதன்மேல் ஓர் அங்குல நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். அது வேண்டாம். ஒட்டியிருக்கும் தோலைப் பிரித்து, பிடியில் உங்கள் கை மிக ஆழமாகப் பதியும் இடத்துக்கு நேர் மேலே, குறுக்காக ஒரு தீக்குச்சித் துண்டை வைத்து, மறுபடி தோலை ஒட்டுங்கள். சின்னதாக ஒரு மேடு வரும். அம்பு அந்த மேட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எய்யும்போது கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் அந்த இடம் அதிகம் நகராது, ஏனென்றால் வில் திரும்புவதே அதைச் சுற்றித்தான். பக்கச் சுவரிலும் இதே மாதிரி ஒரு குச்சி. ஐந்து பைசா செலவில்லை.

அப்புறம் நாண். அம்பின் வால் மாட்டும் இடம், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்கோணமாகப் போகும் மட்டத்திலிருந்து அரை அங்குலம் போல மேலே இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் வால் ஷெல்ஃபில் அடித்துத் துள்ளி மேலே எழும்பும். பார்ப்பவர்கள் வால் உயரமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் கீழே இறக்குவார்கள், ஆட்டம் கூடும். நானே இரண்டு வாரம் இப்படி எதிர்த்திசையில் போயிருக்கிறேன். அம்பின் விறைப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் 400 என்று அச்சிட்டிருந்தால் 30 பவுண்டுக்கு அது இரும்புக் கம்பி. எண் பெரிதாகப் பெரிதாக அம்பு நன்றாக வளையும்.

இனி ரெஸ்ட். உங்கள் நண்பர் சொன்னதைத் தள்ளிவிட மாட்டேன். பிளாஸ்டிக் இறகை விட மனமில்லை, வில்லை நேராக நிமிர்த்திப் பிடித்துத்தான் எய்வேன் என்றால் ரெஸ்ட் ஒட்டுவதுதான் நல்லது. அம்பு மேலே ஏறும், அதற்கேற்ப நாணில் வால் மாட்டும் இடத்தையும் ஏற்ற வேண்டும். மறந்துவிடாதீர்கள். வில்லைச் சாய்த்துப் பிடிப்பவர் என்றால் ஷெல்ஃப்தான் சுகம். ஷெல்ஃபும் சுவரும் சேர்ந்த மூலையில் அம்பு நழுவாமல் உட்காரும், கைக்கு நெருக்கமாகவும் இருக்கும், விரல் நீட்டிக் காட்டுவது மாதிரி.

ஒட்டு ரெஸ்டில் எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. ஒரு ஏப்ரல் மாதம் வில்லைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வெயிலில் பசை இளகி, போட்டியில் நான்காவது அம்பிலேயே ரெஸ்ட் நழுவி, அம்பு என் கால் பக்கத்தில் விழுந்தது. மர வில்லையே வெயில் காரில் வைக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் ஃபீல்டு (காடுமேட்டில் நடந்தபடி எய்வது), 3டி (விலங்கு பொம்மைகளை எய்வது) போட்டிகளில் லாங்போ (முனை வளையாத நீள வில்) பிரிவுக்கு ஷெல்ஃப் மட்டும்தான். மர அம்பும் பறவை இறகும் கட்டாயம். பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாத வில்) பிரிவில் ரெஸ்டும் வைக்கலாம், பிளஞ்சரும் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்) வைக்கலாம்.

"பாரம்பரியம் கெட்டது" என்கிறவருக்கு ஒன்று சொல்லுங்கள். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த ஆங்கிலேய வில்களில் ஷெல்ஃபே கிடையாது. அம்பு கைமேல்தான் இருந்தது. ஜப்பானியர் இன்றைக்கும் வில்லின் வலப்பக்கம், கட்டைவிரல் மேல் வைத்து எய்கிறார்கள். ஷெல்ஃப் வெட்டிய வில் பரவலானதே 20ஆம் நூற்றாண்டில். பாரம்பரியத்தை அவ்வளவு கறாராகப் பார்த்தால் அவருடைய ஷெல்ஃபையும் அரம் போட்டுத் தேய்த்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: என் வில்லில் ஷெல்ஃப் இல்லை, கைமேல்தான் அம்பை வைக்கிறேன். இறகு ஆள்காட்டி விரலைக் கீறுகிறது, ரத்தமே வருகிறது. என்ன செய்வது?
(ஒரு வாசகி, ஈப்போ)

பதில்: கீறுவது இறகில்லை அம்மா, இறகின் தண்டு. முன்பக்க முனையை நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். பிளேடால் சரிவாகச் சீவி, அதன்மேல் நூலை நெருக்கமாக ஏழெட்டுச் சுற்று சுற்றி, ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிடுங்கள். காயம் ஆறும்வரை அந்தக் கையில் மெல்லிய தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.